எருக்கிலையின் அடிப்பக்கம்

எங்கள் வைத்தியசாலை முற்றத்தில் எருக்கஞ்செடிக்கு வேலி கட்டியிருக்கிறார்கள். ரோஜாவுக்கு இல்லை, செம்பருத்திக்கு இல்லை, எருக்குக்கு. பக்கத்தில் ஒரு பலகை, அதில் வண்ணாத்திப்பூச்சியின் படம். எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரியும். முட்டுவலிக்குத் தைலம் வாங்கப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு நின்று சிரித்தேன், சிரித்தேன், வாசலில் இருந்த காவல்காரர் பயந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். என் ஆயுசில் பாதியை எருக்குக்குக் கீழே கழித்தவள் நான். ரயில் பாதை ஓரத்திலும் சுடுகாட்டு மூலையிலும் கிடந்த செடிக்கு இப்போது வேலி, பலகை, தண்ணீர் ஊற்ற ஆள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அங்கே இலை பறிக்கிற பெண்களுக்கு பிந்து என்பவள் மூத்தவள். அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மச்சி, எங்களுக்கு இப்பம் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் தந்திருக்காவ. ஆனா இந்தக் கைக்கண்ணாடி எதுக்காக்கும்? எல்லாரும் கொண்டுபோகணும்னு சொல்லுதாவளே தவிர, ஏன்னு ஒருத்தருக்கும் தெரியல்ல" என்றாள். வைத்தியசாலை ஆண்டு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். நான் பேசப் பேச அது கேட்டுக்கொண்டது. அச்சுக்குத் தகுந்தபடி அவள் எழுதியிருக்கிறாள்.

எனக்கு வேலை வாங்கித் தந்தது என் அண்ணன் பெண்டாட்டி, லில்லி மைனி. எனக்குக் கல்யாணம் முடிந்து, கேரள எல்லையில் இந்தப் பாறசாலைக்கு வந்த புதிது. மைனி ஏற்கெனவே வைத்தியசாலைக்குப் பச்சமருந்து பறித்துக்கொண்டிருந்தாள். பச்சமருந்து என்றால் பச்சையாகவே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இலை, வேர், பட்டை. புளியிலை, முருங்கையிலை, ஆமணக்கிலை, எருக்கிலை எல்லாம் நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து வறுத்து, துணியில் முடிந்து, சூடான எண்ணெயில் தொட்டு மூட்டில் ஒற்றுவார்கள். இலைக்கிழி. கர்க்கடக மாதம், நம் ஆடி, வந்தால் வெள்ளறடையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் கிழி வைக்க ஆட்கள் வந்து வராந்தாவில் இடம் இருக்காது. ஆடு தின்னாத இலைக்கு மனுஷன் வரிசையில் நிற்கிறான் என்று மைனி சொல்வாள்.

வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் மழைக்காலம் முழுக்க மைனி திட்டினாள், அடுத்த மழைக்காலம் நான் பறித்தேன். அவ்வளவுதான்.

ஆனால் பார்கவியம்மாவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மருந்துப் புரையில், அதாவது மருந்து செய்கிற கொட்டகையில், பொறுக்கு மேசை அவருடையது. நாங்கள் கொண்டுபோகிற இலையெல்லாம் அந்த மேசையில் விரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், ஆகாதது ஒரு பக்கம் என்று பிரிப்பார். வெள்ளை முண்டும் தோளில் நேரியதும், நெற்றியில் சந்தனம், மூக்கில் கண்ணாடி. குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. இலை நன்றாக இருந்தால் "ம்" என்பார். சரியில்லை என்றால் அதுவும் இல்லை, கட்டை அப்படியே எடுத்து நம் கையில் திருப்பி வைத்துவிடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

அவர் வைத்த முறை இது. குருத்து கூடாது, பழுத்தது கூடாது, நடுத்தர இலைதான். ஒரு கிளையில் எதிரும் புதிருமாக நிற்கிற இலைகளில் ஒரு ஜோடி எடுத்தால் அடுத்த ஜோடியைச் செடிக்கு விட்டுவிட வேண்டும். கீழ்நோக்கி ஒடிக்க வேண்டும், ஒடித்த காம்பை உடனே மண்ணில் குத்த வேண்டும், பால் நின்றுவிடும். நனைந்த சாக்கில் சுற்ற வேண்டும், பிளாஸ்டிக்கில் கூடாது. இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. ஒடிப்பதற்கு முன்னால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே முட்டையோ புழுவோ இருந்தால் அந்த இலையைத் தொடக்கூடாது.

இது ஏதோ பூச்சியிடம் உள்ள இரக்கம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புழு வாய் வைத்தால் இலை எச்சில் ஆகிவிடும், எச்சிலை நோயாளி உடம்பில் வைக்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. முட்டை இருந்தாலும் அப்படித்தான், அந்த இலை இன்னொருத்தருக்குப் பரிமாறியாயிற்று என்பார். நாங்கள் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள், எச்சில் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. மைனி வழியில் முணுமுணுப்பாள். "புழுவுக்க எச்சிலுக்கே இந்தப் பாடு. இவிய எங்க வீட்டுல வந்து ஒரு நேரம் சோறு தின்னணும்."

ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த அடிப்பக்கம் பிடித்துப்போயிற்று. மேலே இருந்து பார்த்தால் எருக்கு ஒரு சாம்பல் பூசிய செடி. கீழே இருந்து பார்த்தால் ஒரு தெரு. கொழுந்தில் மஞ்சள் செடிப்பேன் அப்பிக்கிடக்கும், அதைச் சுற்றி எறும்பு. காயைப் பிளந்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாக வண்டு, பஞ்சுக்கு நடுவே கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி. பூவுக்குக் கருவண்டு வந்து உட்கார்ந்தால் கிளையே ஆடும். புள்ளி போட்ட வெட்டுக்கிளி ஒன்று உண்டு, தொட்டால் நுரை தள்ளும், அதைத் தொட்ட கையோடு சோறு தின்ன முடியாது.

அப்புறம் அந்தப் புழு. வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக வரி வரியாக, முதுகில் கொம்பு மாதிரி இழைகள். மைனி வீட்டுக் கோழிக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கொத்தியது, துப்பியது, அலகைத் தரையில் தேய் தேய் என்று தேய்த்தது. அன்றைக்கு முழுவதும் என்னைக் கண்டாலே அது தூரப் போனது. அந்தப் புழு தின்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். இலையில் ஏறியவுடன் தின்னாது. முதலில் நடு நரம்பை ஓர் இடத்தில் கடிக்கும். பால் சொட்டும். இலை மடங்கித் தொங்கும். பால் வடிந்து தீரும்வரை அது ஒதுங்கி நிற்கும், சுடுசோறு ஆறட்டும் என்று நிற்கிற மாதிரி. பிறகுதான் வடிந்த பாகத்தைத் தின்னும். நான்கைந்து தடவை தோல் உரித்து, ஒரு நாள் தலைகீழாகத் தொங்கிக் கூடாகிவிடும். இளம்பச்சை, அதில் பொன் புள்ளி. கம்மல் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கும். அதிலிருந்து வருவதுதான் பலகையில் படம் போட்டிருக்கிற அந்தச் செம்மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி. மலையாளத்தில் எரிக்குதப்பி என்பார்கள், எருக்கைத் தேடித் திரிகிறது என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் எங்களையும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

எங்கேயோ போய்விட்டேன். கைக்கண்ணாடிக்கு வருகிறேன்.

அது ஒரு கர்க்கடகம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. லில்லி மைனிக்கு அந்த வருஷம் இளைப்பு முற்றியிருந்தது. நனைந்தால் மூச்சு விசில் அடிக்கும். ரயில் பாதை மேட்டில் ஏறினால் பாதியில் குந்திவிடுவாள். பார்கவியம்மாவின் மேசைக்குத் துணைக்கு இருந்த அம்மாளுக்கு வயதாகி, அடுத்த மாதம் சிங்கம் பிறந்தால் வேலையை விட்டு நிற்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்கு மைனியை எடுக்கலாம் என்று பேச்சு முடிந்திருந்தது. கூரைக்குக் கீழே, முக்காலியில், மழை படாமல். மைனிக்கு அது வேலை உயர்வு இல்லை, உயிர். இன்னொரு மழைக்காலத்தை வெளியே தாங்க மாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மேசைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, கண்.

ஒரு நாள் காலையில் ரயில் பாதை ஓரம் இருவரும் பறித்துக்கொண்டிருந்தோம். அங்கே எருக்கு எங்கள் தலைக்கு மேலே வளர்ந்திருந்தது. மைனி கிளைக்குக் கீழே போய், வழக்கம்போல முகத்தை நிமிர்த்தி அடிப்பக்கம் பார்த்தாள். மேலே ஒரு புழு அப்போதுதான் நரம்பைக் கடித்திருக்கிறது. சொட்டிய பால் நேராக அவள் வலது கண்ணுக்குள் விழுந்தது.

"எரியுதா மைனி?"

"இல்லடி. சாரமில்ல" என்று தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போய்விட்டாள்.

உண்மையிலேயே எரியவில்லை. அதுதான் சதி. மிளகாய்ப்பொடி பட்டால் கத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவோம். எருக்கம்பால் பட்டால் கண் மரத்துப்போய்ச் சும்மா இருக்கும். வலிக்காத ஒன்றை வியாதி என்று எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? சாயங்காலம் விளக்குப் போட்டபோது, பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வட்டம் தெரிகிறது என்றாள். அழகாக இருக்கிறதாம். பிறகு புகை மூடியது.

அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கண்ணில் எது விழுந்தாலும் முலைப்பால் விடுவதுதான் எங்களுக்குப் பழக்கம். எருக்குக்கும் பால், தாய்க்கும் பால், ஒன்றை ஒன்று எடுத்துவிடும் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டில் பிரசவித்துக் கிடந்த பெண் வந்து கண்ணில் விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பொன்னான நேரம் முழுவதும் அதில் போயிற்று. நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். பிந்து, இதை நீ கொட்டை எழுத்தில் போடு.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டாள். கண் சிவந்து, நடுவில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. நான் கையை நீட்டி, "மைனி, எத்தன வெரலு தெரியுது?" என்று கேட்டேன்.

"ஒரு கைக்கு அஞ்சு. ஒனக்குப் பொறக்கும்பமே அத்தன தானே இருந்தது."

சிரித்தோம். ஆனால் மேட்டில் ஏறி ஒரு கிளையைப் பிடிக்கக் கை நீட்டியவள், கிளைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் காற்றைப் பிடித்தாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"தங்கம், நீ வாயத் தெறந்தா எனக்கு அந்த மேச இல்ல. ஒங்க அண்ணனுக்கும் தெரியப்பிடாது. மாசம் முடியட்டு. மேசையில இருந்துட்டா பெறவு ஆஸ்பத்திரிக்குப் போறேன், கேட்டியா?"

"மேசையில இருந்து என்னத்தப் பாப்பிய?"

"ஒரு கண்ணு இருக்குல்லா."

அன்றைக்கு இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மைனி முன்னே நடக்க, நான் பின்னே நடந்தேன். என்ன செய்வது என்று வழி முழுக்க யோசித்தேன். சொன்னால் மேசை போய்விடும், மேசை போனால் மழையில் மூச்சு போகும். சொல்லாவிட்டால் கண் போகும். ரயில்வே கேட்டில் மூன்று பேர் சேர்ந்து நடக்கிற அகலமான இடத்தில் மைனி ஒரு சைக்கிளில் முட்டிக்கொண்டாள். சைக்கிள்காரன் திட்டினான். அவள் அவனைத் திருப்பித் திட்டவில்லை. லில்லி மைனி ஒருவனைத் திருப்பித் திட்டாமல் விட்டதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மருந்துப் புரையில் மைனி சாக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே நேராக மேசைக்குப் போனேன். "அம்மா, மைனிக்கக் கண்ணுல எருக்கம்பாலு விழுந்துபோச்சு" என்றேன்.

பார்கவியம்மா கையில் இருந்த இலையைக் கீழே வைத்தார். "எப்பம்?"

"நேத்து காலம்பற."

"இங்க நோக்கு" என்று மைனியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். இலையைப் பார்ப்பது போலவே பார்த்தார், அவசரப்படாமல். மைனி என்னை ஒரு பார்வை பார்த்தாள், நல்ல கண்ணால். அதை நான் இன்னும் மறக்கவில்லை. பார்கவியம்மா கொதித்து ஆறிய தண்ணீரை மூக்கு வைத்த கிண்டியில் எடுத்து, மைனியை முற்றத்தில் உட்காரவைத்து, தலையைச் சாய்த்து, மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மேசையை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து எங்களோடு நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் வந்தார். கர்க்கடகத்தில் அவர் மேசையை விட்டு எழுந்தது அந்த ஒரு நாள்தான்.

ஆட்டோ அமரவிளை தாண்டும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அடியில நோக்கணும்னு சொன்னது நானாக்கும்."

டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், கண்ணைக் கட்டினார். தெளியலாம், தெளியாமலும் போகலாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கசக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

மைனி என்னோடு பேச்சை நிறுத்தினாள். அண்ணன் அதற்கு மேலே, வீட்டுக்குள்ளே விஷயத்தை மறைத்ததற்கு இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, அவரும் நிறுத்தினார். நான் தினமும் கஞ்சி கொண்டுபோவேன். மைனி வாங்க மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். கோழியிடம் பேசுவாள். "ஏ கோழி, எனக்க நாத்தூனுகிட்ட சொல்லு, கஞ்சியில உப்பு இல்லன்னு." நானும் கோழியிடம் உப்பு எங்கே என்று கேட்பேன். கோழி என்ன செய்யும் பாவம், அதற்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்காது.

அந்த நாட்களில் ஒரு காலை, நான் தனியாகப் பறித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பார்கவியம்மா குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முண்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரளைக் கல்லில் ஏறினார். இத்தனை வருஷம் இலையை மேசையில் மட்டுமே பார்த்தவர். செடிக்குக் கீழே போய் நின்று நிமிர்ந்தார், உடனே விலகினார். பிறகு மடியிலிருந்து ஒரு கண்ணாடி எடுத்தார். அவருடைய வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது சவரம் செய்ய வைத்திருந்த வட்டக் கண்ணாடி, கைப்பிடி வைத்தது. தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டி, கண்ணாடியை இலைக்குக் கீழே பிடித்தார். "இப்பம் வந்து நோக்கு" என்றார். கண்ணாடிக்குள் இலை நரம்பு, அதில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளை முட்டை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முகம் செடிக்கு வெளியே பத்திரமாக இருந்தது. அந்த வாரமே களியக்காவிளைச் சந்தையிலிருந்து எங்கள் எல்லோருக்கும் கைக்கண்ணாடி வந்தது. பிந்து, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இலையை ஆராயப் போய் முகத்தை ஆராய்ந்துகொண்டு நின்றவர்களும் உண்டு, அது வேறு கதை.

சிங்க மாதம் பிறந்தது. மைனியின் கண்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். டாக்டர், தெளிந்திருக்கிறது, போகப் போக இன்னும் தெளியும் என்றார். ஆனால் வைத்தியசாலையை நடத்துகிற வைத்தியருக்குத் தயக்கம். கண்ணில் கேடு வந்தவளை அந்த மேசையில் வைத்து, நாளைக்கு ஏதாவது தவறினால் யார் பதில் சொல்வது என்றார். வேறு பெண்ணை எடுத்துவிடலாம் என்றுகூடச் சொன்னதாகக் கேள்வி. பார்கவியம்மா மறுத்தும் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் மருந்துப் புரை வாசலில் ஈரத்தோடு நின்றேன். மைனி மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள், சபைக்குக் கட்டுகிற சேலையில். பார்கவியம்மா ஒரு துணியை மடித்து அவளுடைய இடது கண்ணை, நல்ல கண்ணைக் கட்டினார். மேசையில் எருக்கிலைகளை அடிப்பக்கம் மேலே இருக்கும்படி வரிசையாகப் பரப்பினார். காலையில் அவரே போய்க் கிள்ளிவந்தவை. விரலால் தடவிப் பார்க்கக்கூடாது, தடவினால் முட்டை தட்டுப்படும் என்றார்.

மைனி குனிந்தாள். முதல் இலை, ஒன்றும் இல்லை. இரண்டாவது, பேன் இருந்த தடம். மூன்றாவது, சுத்தம். நான்காவது இலையில் நின்றுவிட்டாள். நேரம் போயிற்று. அவள் மூச்சு விசில் அடிப்பது வாசல் வரைக்கும் கேட்டது. பார்கவியம்மாவின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, முட்டை உள்ள இலை அதுதான்.

"முட்ட இல்ல" என்றாள் மைனி.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பார்கவியம்மா இலையை எடுக்கக் கை நீட்டினார்.

"நில்லுங்கம்மா. முட்ட இல்லன்னுதான் சொன்னேன். அது வெளிய வந்தாச்சு. இன்னா, மயிரு கணக்கா கெடக்கு, தலை மட்டும் கறுப்பு. அதுக்க முட்டத் தோட்ட அதுவே தின்னுட்டிருக்கு."

பார்கவியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிமிர நெடுநேரம் ஆயிற்று. காலையில் முட்டையாகக் கிள்ளிவந்தது, மேசையில் கிடந்த நேரத்தில் பொரிந்திருக்கிறது. அவர் நிமிர்ந்து, மேசைக்குக் கீழே இருந்த இரண்டாவது முக்காலியை இழுத்து, நேரியதின் முனையால் தூசியைத் துடைத்து, மைனிக்கு நேரே வைத்தார்.

மைனி உட்கார்ந்தாள். கட்டை அவிழ்த்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை இரண்டு கண்ணாலும். இரண்டிலும் தண்ணீர் நிறைந்து வழிந்தது, அவள் கை தானாக மேலே போயிற்று.

பார்கவியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கசக்காதே" என்றார். "டாக்டர் சொன்னதாக்கும்."